அறுபத்தொன்றாம் படி

நுழையும்முன்

தமிழில் பயண நூல்களுக்கு வளமான மரபு உண்டு. கப்பலேறி உலகைச் சுற்றிவந்த ஏ.கே. செட்டியார் போன்றோர் அதை வளர்த்தனர். இங்கே இடம்பெறுவது அத்தகைய நெடும்பயணம் அன்று. காவிரிக்கரை ஊரொன்றிலிருந்து ஓர் இளம்பெண் குறைந்த பணத்துடன் தனியாக மலைநாடு சென்று வந்த சிறு பயணம்.

மலை என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய ஊர் சுவாமிமலை. ஆனால், அங்கே மலை இல்லை. கும்பகோணத்துக்கு மேற்கே, காவிரியின் கரையில், எத்திசை நோக்கினும் வயலும் வாழையும் தென்னையுமாக விரிந்து கிடக்கும் சமவெளி அது. முருகன் குன்றுதோறும் இருப்பவன் என்ற நம்பிக்கையைக் குன்றில்லாத நாட்டார் கைவிடவில்லை. கல்லடுக்கிக் கட்டுமலை ஒன்றை எழுப்பிக்கொண்டனர். அதன்மேல் ஏற 60 படிகள். பிரபவ, விபவ, சுக்கில என்று தொடங்கி அட்சய என்று முடியும் தமிழ் ஆண்டுகளின் பெயர்கள் அப்படிகளுக்கு உண்டு. அவ்வூர்க் குழந்தைகள் ஆண்டுப் பெயர்களை ஏட்டில் படிப்பதற்கு முன்பே காலால் படித்துவிடுவார்கள்.

அப்படிப் படித்தவர்களுள் ஒருத்திதான் அவள். வயது இருபத்து நான்கு. வணிகவியல் முடித்துக் கும்பகோணத்துப் பாத்திரக் கடையொன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்தாள். அறுபது படி உயரத்துக்கு மேல் அவள் ஏறியதில்லை. பள்ளியில் ஒருமுறை உதகைக்கு அழைத்துச் சென்றனர். அம்மை போட்டிருந்ததால் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அந்த ஏமாற்றம் பன்னிரண்டு ஆண்டுகளாக உள்ளுக்குள் கனன்றதென்று சொன்னால் அது மிகையாகாது.

அவளுடைய தந்தை சிற்பக்கூடம் ஒன்றில் மெழுகு வேலை செய்பவர். சுவாமிமலையின் செப்புத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிப் பிசைந்து, அதில் முதலில் உருவத்தைச் சமைப்பர். அதன்மேல் காவிரியின் நயமான வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின்னர்க் கனத்த மண் பூசிக் கம்பி கட்டிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேற, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் புகும். மண்ணை உடைத்தால் திருமேனி. ஒரு மெழுகுக்கு ஓர் உருவம்தான்; அச்சும் அழிந்துவிடுவதால் மறுபடி வார்க்க இயலாது. முப்பத்தைந்து ஆண்டுகளில் தந்தை செய்த மெழுகு உருவங்கள் எண்ணிலடங்கா. அவை எல்லாம் உருகிப் போயின. உலோகமாக மாறியவை லாரியேறிப் போயின. கூலி மட்டும் வீட்டுக்கு வந்தது.

மகள் தேர்ந்தெடுத்த நாடு பூட்டான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியருக்கு நுழைவிசைவு முத்திரை வேண்டாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். அந்நாட்டு நாணயமான நுல்ட்ரமும் நமது ரூபாயும் சமமதிப்புடையவை என்பதால் பணமாற்றுக் கவலையும் இல்லை. பெண் ஒருத்தி தனியே நடமாட அஞ்சவேண்டாத நாடு என்று பலர் எழுதியிருந்தனர். அஃது 2019-ஆம் ஆண்டின் பங்குனி மாதம். அந்நாளில் இந்தியப் பயணிகளிடம் தங்கும் கட்டணம் எதையும் பூட்டான் அரசு பெறவில்லை. 2020-இல் வந்த சட்டம்தான் இந்தியருக்கும் ஓர் இரவுக்கு 1200 ரூபாய் என்று விதித்தது. இரண்டாண்டு சேமிப்பான 14,000 ரூபாயை வைத்துக்கொண்டு அவள் புறப்பட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் இசைவு எளிதில் கிடைத்துவிடவில்லை. “துணைக்கு யாருடி?” என்ற ஒரே கேள்வியை அம்மா பத்து நாள் பலவிதமாகக் கேட்டார். அத்தை வந்து, கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டிய பணமென்று நினைவூட்டிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, திண்ணையில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு தென்னை ஓலை நறுக்கை நீட்டினார்.

“அங்க புத்தர்தானே சாமி? நானும் ஏழெட்டுப் புத்தர் புடிச்சிருக்கேன். எல்லாம் வெளிநாட்டு ஆர்டர். யார் வீட்டுக் கூடத்துல அலங்காரமா நிக்கிதோ தெரியல. கும்புடுற புத்தரை நான் பாத்ததே இல்லம்மா. ஒருத்தரைப் பாத்து அளவெடுத்துக்கிட்டு வா. கண்ணு எப்படி வைக்கிறாங்கன்னும் பாரு.”

அந்த ஓலைக்கு ஒடியோலை என்று பெயர். சிற்பியின் அளவுகோல் அதுதான். செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, நூல் கூறும் கணக்குப்படி மடித்து மடித்துக் கூறுபடுத்துவர். பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் முழு உயரம் 124 கூறு. ஒரு கூறு ஓர் அங்குலம். முகம் இத்தனை, கழுத்து இத்தனை, மார்பு இத்தனை என்பது மடிப்பிலேயே அமைந்துவிடும். உருவம் சிறிதாயினும் பெரிதாயினும் கூறுகளின் கணக்கு மாறாது. மகள் கையில் தந்தை கொடுத்த ஓலை மடிக்கப்படாதது.

சென்னையில் இறங்கி வடக்கே செல்லும் தொடர்வண்டிக்கு எட்டு மணிநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றாள். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் திருமேனிகளை அங்கே காணலாம். சோழர் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் நாகையில் இருந்தது. முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். 1856 முதல் 1934 வரை அவ்வூர் மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. உச்சியில் தீச்சுடர் எழும் தலையும் மென்மையான முகமுமாக அவை கண்ணாடிக்குள் நின்றன. தந்தையின் முன்னோருள் எவரேனும் இவற்றை வார்த்திருக்கலாம் என்று அவள் எண்ணினாள். ஆயினும் ஓலையை எடுக்கவில்லை. கும்பிடுகிற புத்தர் என்றல்லவா அப்பா சொன்னார்?

தொடர்வண்டிப் பயணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புளியோதரை முதல்நாளோடு தீர்ந்தது. மூன்றாம் நாளன்று கால் வீங்கியிருந்தது. நியூ ஜல்பாய்குரியில் வண்டி மாறித் தேயிலைத் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் ஊடே சென்று ஹாசிமாராவில் இறங்கினாள். அங்கிருந்து எல்லையூரான ஜெய்காவுன் சென்று, பிறரோடு அறை பகிரும் மலிவு விடுதியில் அன்றிரவைக் கழித்தாள். அம்மாவுடன் தொலைபேசியில் பேசினாள். “சாப்பிட்டியா?” என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது.

ஜெய்காவுனும் புன்ட்ஷோலிங்கும் ஒரே ஊரின் இரு தெருக்களைப் போல ஒட்டிக் கிடப்பவை. நடுவே வண்ணம் தீட்டிய பெரிய வாயில் ஒன்று. இப்புறம் ஒலிப்பான்களின் இரைச்சலும் கூவி விற்போரின் நெரிசலும். அப்புறம் சென்று பத்தடி நடந்ததும் காதில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் அவளுக்குத் தோன்றியது. காது அடைக்கவில்லை, ஒலிதான் குறைந்திருந்தது. கைக்கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அனுமதிச் சீட்டு வழங்கும் இடத்தில் முதலில் ஆதாரை நீட்டி, அது செல்லாதென்று அறிந்து, வாக்காளர் அட்டையை எடுத்தாள். “உடன் வருபவர்?” என்று அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டார். யாருமில்லை என்றாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். திம்புவுக்கும் பாரோவுக்குமாக ஏழு நாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மா பத்து நாள் கேட்ட கேள்வி இங்கே பத்து நொடியில் முடிந்துபோனது அவளுக்கு வியப்பாக இருந்தது.

அங்கிருந்து தலைநகர் திம்புவுக்குச் சிற்றுந்தில் ஆறு மணிநேரம். 1958-இல் நேரு பூட்டானுக்கு வந்தபோது இச்சாலை இல்லை. திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக, மட்டக்குதிரை மீதும் நடந்தும் அவர் வந்து சேர்ந்தார். பின்னர் 1960-களில் இந்திய எல்லைச்சாலை அமைப்பினர் ‘தந்தக்’ என்னும் திட்டத்தின்கீழ் மலையைக் குடைந்து வழி சமைத்தனர். ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் முகில் நிரம்பிய பள்ளம். அவள் சன்னல் கம்பியை விட்டுக் கையை எடுக்கவேயில்லை. வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று ஆறுகள் பிரிந்துகொண்டே போகும் நாட்டில் வளர்ந்தவள் அவள். அங்கே இரண்டு மலையாறுகள் இரைந்து வந்து ஒன்றாய்க் கலக்கும் சூசோம் என்னும் இடத்தைப் பார்த்தாள். ஆறு என்றால் பங்கிட்டுக் கொடுப்பது என்றே அறிந்த கண்ணுக்கு, ஆறுகள் சேர்வது புதுக்காட்சி.

வழியில் தேநீர்க் கடையொன்றில் வண்டி நின்றது. அவளுடைய கைப்பேசியில் அலைவரிசை எப்போதோ அற்றுப்போயிருந்தது. பக்கத்து இருக்கையில் ‘கோ’ என்னும் மரபுடை அணிந்த முதியவர் ஒருவர் இருந்தார். தாம் சிறுவனாய் இருந்தபோது கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் தென்னிந்திய ஆசிரியர் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அது புதுமையன்று, நவீனப் பள்ளிகள் அந்நாட்டில் தோன்றியபோது இந்திய ஆசிரியர் பலர் மலையேறிச் சென்று பணியாற்றியுள்ளனர். “வீட்டுக்குப் பேச வேண்டுமா?” என்று அவர் தம் கைப்பேசியை நீட்டினார். வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். தனியாக வந்தவள் பிறரிடம் எதையும் பெறக்கூடாது என்றொரு வீம்பு. அயல்நாட்டு அழைப்புக்கு அவருக்குப் பணம் ஆகுமே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது.

திம்புவை அடைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டிருந்தன. மறுநாள் காலை உள்ளூர்ச் சிம் அட்டை வாங்கிப் பேசினாள். மறுமுனையில் அம்மாவின் குரல் வரவில்லை, அத்தைதான் பேசினார். இரவு முழுவதும் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். விடிந்ததும் கோயிலுக்குப் போய் அறுபது படியும் ஏறிவிட்டு வந்து படுத்திருக்கிறாராம். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லையாம். அப்பா வேலைக்குப் போகாத நாள்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். முதியவர் நீட்டிய கைப்பேசியை வாங்கி ஒரு நிமிடம் பேசியிருந்தால் ஒரு வீடு உறங்கியிருக்கும். அன்று முழுவதும் அது அவளை உறுத்தியது.

திம்பு நகரில் போக்குவரத்து விளக்குகள் இல்லை. நாற்சந்தியில் வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் கைகாட்டி வண்டிகளை அனுப்புகிறார். நகருக்கு மேலே குன்றின்மீது 51 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பொன்முலாம் பூசிய புத்தர் அமர்ந்திருக்கிறார். அவருக்குள்ளே 1,25,000 சிறு புத்தர் உருவங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவள் அண்ணாந்து பார்த்தாள், கையிலிருந்த ஓலையையும் பார்த்தாள், சிரித்துக்கொண்டாள்.

அவள் நேரம் மறந்து நின்ற இடம் வேறு. பூட்டானியர் தம் மரபுத் தொழில்களைச் ‘சோரிக் சுசும்’ என்பர். பதின்மூன்று கலைகள் என்பது பொருள். மரவேலை, கல்வேலை, ஓவியம், மண்சிற்பம், உலோக வார்ப்பு, கருமான் வேலை, நெசவு, மூங்கில் முடைதல், காகிதம் செய்தல் எல்லாம் அவற்றுள் அடங்கும். அவற்றைக் கற்பிக்க 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் திம்புவில் உள்ளது. நம்மூரில் தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை கற்கும் தொழில், அங்கே வகுப்பறையும் கரும்பலகையும் கொண்டிருந்தது. பெண்களும் பயின்றுகொண்டிருந்தனர், அதை அவள் சற்று நேரம் நின்று கவனித்தாள்.

மண்சிற்ப வகுப்பில் ஒரு மாணவன் புத்தரின் தலையைச் செய்துகொண்டிருந்தான். களிமண்ணோடு கையால் செய்த மரப்பட்டைக் காகிதத்தைக் கூழாக்கிச் சேர்த்திருந்தான். சுவரில் கோடுகள் கட்டமிட்ட புத்தர் வரைபடம் தொங்கியது. அளவுக்கோடு பழகாமல் அங்கே எவரும் உருவத்தில் கைவைப்பதில்லை. எத்தனை கூறு என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். விரற்கடைக் கணக்கைச் சொன்னான். புத்தர் உருவத்துக்கு 125 விரற்கடை என்று கொள்ளும் மரபு ஒன்று இமயப் பகுதியில் உண்டு. அப்பாவின் கணக்கில் 124. ஈராயிரம் கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு விரல் வேறுபாடு! அவள் ஓலையை எடுத்து மடிக்கும் முறையைக் காட்டினாள். மாணவர்கள் சூழ்ந்துகொண்டனர். ஒருவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தம்மிடம் உள்ள பிளாஸ்டிக் அளவுகோலைக் காட்டி நாணத்தோடு சிரித்தான்.

வேறுபாடு ஒன்றையும் அவள் அங்குதான் அறிந்தாள். வழிபாட்டுத் திருமேனியைச் சுவாமிமலையில் உள்ளே வெற்றிடமின்றிக் கனமாக வார்ப்பர்; பொள்ளலாக இருப்பது குறை. அங்கே உலோகச் சிலை உள்ளீடற்றதாகவே செய்யப்படுகிறது. சுருட்டிய மந்திர ஏடுகளையும் தானியங்களையும் புனிதப் பொருள்களையும் உள்ளே நிரப்பி, அடியை மூடிய பின்னரே அது தெய்வமாகிறது. கண்ணையும் உளியால் திறப்பதில்லை. முகத்தில் பொன் பூசித் தூரிகையால் எழுதுகின்றனர். அப்பாவின் இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முதற்கேள்வி மீதியிருந்தது.

பூட்டானின் அமைதியைப் பற்றிச் சற்றுச் சொல்லத்தான் வேண்டும். நாட்டின் நிலப்பரப்பில் அறுபது விழுக்காடாவது காடாகவே இருக்கவேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் விதிக்கிறது. நாட்டின் உற்பத்தியைவிட மக்களின் மகிழ்ச்சியே பெரிதென்ற கருத்தை 1970-களில் முன்வைத்தவர் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். 1999-இல்தான் தொலைக்காட்சி வந்தது. எல்லாவற்றினும் வியப்பானது மலைகளின்மீது அவர்கள் காட்டும் அடக்கம். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புன்சும் சிகரத்தில் இன்றுவரை மனிதர் எவரும் கால்வைக்கவில்லை. முடியாமையால் மட்டுமன்று, சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம் என்பதால் 2003 முதல் மலையேற்றமே தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால், அந்த அமைதிக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. நேபாளி மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டைவிட்டு வெளியேறி, நேபாளத்து முகாம்களில் பல்லாண்டு கிடந்தனர். 2007-க்குப் பின் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்ந்தனர். எந்த நாட்டின் புகழையும் கேட்கும்போது அதன் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

பாரோ பள்ளத்தாக்கை அவள் மறுநாள் பகலில் அடைந்தாள். ஆற்றோரம் வில்லோ மரங்கள் துளிர்விட்டிருந்தன. மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். வரப்பைக் கண்டதும் ஊர் நினைவு வந்தது. தங்கிய வீட்டில் சிவப்பரிசிச் சோறும், மிளகாயையே காயாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைத்த ‘எமா தட்சி’யும் பரிமாறினர். சோறு மாப்பிள்ளைச் சம்பாவின் நிறத்தில் இருந்தது. மிளகாய் கண்ணில் நீரை வரவழைத்தது. வீட்டுப் பெண்மணி தயிர் கொண்டுவந்து வைத்தார்.

விடியற்காலையில் தக்த்சாங் மடாலயத்துக்குப் புறப்பட்டாள். புலிக்குகை என்று பொருள்படும் அது 3,120 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் பத்மசம்பவர் புலிமேல் ஏறிவந்து தவமிருந்த இடம் என்பது நம்பிக்கை. 1692-இல் கோயில் எழுந்தது. எழுப்பியவர் தென்சின் ரப்கே. பதின்மூன்று கலைகளை வகுத்தவர் என்றும் அவரையே சொல்வர். 1998-இல் தீக்கிரையான கோயிலை அதே கைவேலை முறையில் மீண்டும் கட்டி 2005-இல் முடித்தனர்.

பாதி வழிவரை மட்டக்குதிரை உண்டு. பணம் மிச்சமாகும் என்று நடந்தாள். ஊசியிலைக் காட்டில் பாதை வளைந்து வளைந்து ஏறியது. மூச்சு வாங்கியது. கால் தளர்ந்தபோது, தன்னையறியாமல் பிரபவ, விபவ என்று சொல்லத் தொடங்கினாள். அறுபது அடி வைத்தாள், அட்சய. நின்றாள். மீண்டும் பிரபவ. பத்துச் சுற்று வரை கணக்கு இருந்தது, பிறகு தவறிப்போயிற்று. ஒரு திருப்பத்தில் தலை சுற்றி, பாறைமேல் உட்கார்ந்தாள். உருளை மணியைச் சுழற்றியபடி ஏறிவந்த மூதாட்டி ஒருவரும் அவருடைய பேத்தியும் நின்றனர். இம்முறை அவளே வாய்திறந்து கேட்டாள்: “தண்ணீர் இருக்கிறதா?”

சூடான தேநீர் கிடைத்தது. மூதாட்டியின் கைத்தடியும் கிடைத்தது. அவள் எதையோ முணுமுணுத்து எண்ணியது என்ன என்று பேத்தி கேட்டாள். அறுபது ஆண்டுப் பெயர்கள் என்றதும் அப்பெண் பாட்டியிடம் மொழிபெயர்த்தாள். தங்களுக்கும் அறுபதாண்டுச் சுற்று உண்டென்றும், அதன் பெயர் ‘ரப்ஜுங்’ என்றும் மூதாட்டி சொன்னார். தாம் முந்திய சுற்றில் பிறந்தவர் என்றார்.

அங்கே அவள் அறியாத ஒன்று உண்டு. ரப்ஜுங் என்பது பிரபவ என்னும் வடசொல்லின் திபெத்திய மொழிபெயர்ப்பு. காலசக்கரக் கணிதத்தோடு இமயம் கடந்த அச்சுற்று 1027-இல் தொடங்கியது. தற்போதைய பதினேழாம் சுற்று தொடங்கியது 1987-இல். தமிழ்நாட்டில் பிரபவ ஆண்டு பிறந்ததும் அதே 1987-இல்தான். சுவாமிமலையின் முதற்படியும் அந்த மூதாட்டியின் முதலாண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். அதை அறியாமலே இருவரும் ஒரு கைத்தடியை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு மேலேறினர்.

மடாலய வாயிலில் கைப்பேசியையும் பையையும் ஒப்படைக்க வேண்டும். அந்நாட்டுக் கோயில்களின் கருவறையில் படம் எடுக்க இசைவில்லை. உள்ளே கண்டதையெல்லாம் கண்ணில் மட்டுமே கொண்டுவர முடிந்தது. அங்கே முதன்மையாக வீற்றிருப்பவர் பத்மசம்பவர். அப்பா கேட்டது புத்தரை அல்லவா?

அடுத்த நாள், வலிக்கும் கால்களோடு கிச்சு லாகாங் என்னும் பழங்கோயிலுக்குச் சென்றாள். ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னன் சோங்சென் கம்போ கட்டியதென்று சொல்லப்படும் சிறு கோயில் அது. முதியோர் உருளைகளைச் சுழற்றி வலம்வந்து கொண்டிருந்தனர். உள்ளே நெய்விளக்கின் ஒளியில் முடிசூடிய சாக்கியமுனி அமர்ந்திருந்தார். பொன்முகம், தாழ்ந்த இமை, தூரிகையால் எழுதிய விழி. முன்னால் படையல் கிண்ணங்களும் பட்டுத்துணிகளும். அவள் ஓலையை எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி முகத்தின் அளவைப் பிடிக்க முயன்றாள். மணிமுடி நெற்றியை மறைத்தது, பட்டு மார்பை மறைத்தது, விளக்கு அசைந்தது. மூன்றுமுறை முயன்றாள். அளவு அகப்படவில்லை.

சோர்ந்து தலைகுனிந்தபோதுதான் தரையைக் கண்டாள். பலகைத் தரை. சிலைக்கு நேர் எதிரே அதில் இரண்டு குழிகள். தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே நின்று, நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து எழுந்து, மீண்டும் நின்று வணங்கியதில், பாதம் பதிந்த இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஒருவர் வந்து நின்றார். அவருடைய பாதங்கள் குழிக்குள் பொருந்தின. அவர் சென்றபின் அவள் மண்டியிட்டு, ஓலையைக் குழியின் நீளத்துக்கு வைத்து ஒரு மடிப்பு மடித்தாள். மூலையில் இருந்த துறவி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது கையில் 900 ரூபாயும் சில்லறையும் மீந்திருந்தன. அம்மா திட்டவில்லை, வெந்நீர் வைத்துக் கொடுத்தார். இளைத்துவிட்டாள் என்று அத்தை கண்டுபிடித்தார். இரவு, அப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தந்தைக்கு மகன் பொருள் சொன்னதாகப் புராணம் கூறும் ஊரில், மகள் சொல்லத் தந்தை கேட்டார். பொள்ளல் சிலையைச் சொன்னபோது முகம் சுளித்தார். உள்ளே ஏடும் தானியமும் நிரப்புவதைச் சொன்னதும், “நெல்லும் வைப்பாங்களா?” என்று கேட்டார். மண்ணோடு காகிதக் கூழ் கலப்பதைச் சொன்னபோது, எந்த அளவுக்கு எந்த அளவு என்று துருவினார்; அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் தூரிகையால் எழுதுகிறார்கள் என்றதும் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஓலையைக் கேட்டார். அது காய்ந்து வெளிறியிருந்தது. விளக்கடியில் பிடித்து ஒற்றை மடிப்பைத் தடவினார்.

“ஒண்ணுதான் இருக்கு. முகமா?”

“இல்லப்பா. தரை.”

அவள் குழியைப் பற்றிச் சொன்னாள். அப்பா நெடுநேரம் பேசவில்லை. “என்ன மரம்?” என்று கேட்டார். அதையும் அவள் கேட்டு வரவில்லை. “தேக்கா இருந்தா அவ்வளவு சீக்கிரம் தேயாதே” என்று தமக்குள் சொல்லிக்கொண்டே எழுந்தார். உள்ளே அவருடைய மரப்பெட்டியில், நடராசருக்கும் சோமாஸ்கந்தருக்கும் அம்மனுக்குமாக மடித்த பழைய ஓலைகள் நூலால் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே இதையும் செருகிப் பெட்டியை மூடினார்.

“சோறு ஆறுது” என்று அம்மா கூப்பிட்டார்.